பதினான்காவது நகர்த்தல்

அன்பு மகள் சமீனாவுக்கு உன் அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நானும் உன் தம்பி அப்சலும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், டெல்லிக் குளிரில் நீ சுகமாக இருக்க துஆ செய்கிறேன். மழையில் திராட்சை வெடித்துவிட்டது, பாதிக் கொத்துகூடத் தேறாது. உன் அம்மா இல்லாத வீட்டில் புலம்பவும் ஆள் இல்லை.

செஸ்ஸை விட்டுவிட்டதாக அப்சலிடம் சொன்னாயாம். "சாகக் கெடந்தப்பக்கூட அம்மா ஆட்டத்த முடிக்கச் சொன்னாக, அதையும் தோத்துட்டேன், இனி எதுக்கு" என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ விட்டுப்போன பையில் அன்றைக்கு எர்ணாகுளம் போட்டியில் நீ ஆடிய ஆட்டத்தை எழுதிய தாள் இருந்தது, அதைப் பார்த்துக் காய் நகர்த்த உட்கார்ந்தேன், முதல் வரியிலேயே மூன்று நாள் நின்றுவிட்டேன். நம் டீக்கடை ஆட்டத்தில் சிப்பாய் ஒரு கட்டம்தானே போகும், எதிராளி இரண்டு கட்டம் போனதாக எழுதியிருக்கவும் பிள்ளை பதற்றத்தில் தப்பாக எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். தேனியில் செஸ் சொல்லிக்கொடுக்கும் சுரேஷ்கண்ணன் சிரித்துவிட்டு முறையைச் சொன்னார். பதிலுக்கு நீ ஒரே கட்டம் வைத்தது கரோ-கான் ஓப்பனிங்காம். நீ ஒப்பிக்க ஒப்பிக்க அம்மா நோட்டைப் பிடித்துச் சரிபார்ப்பாளே, அதே வரிசை, ஓரிடத்திலும் நீ பிசகவில்லை. பதினான்காவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி போட்டிருந்தாய். எதிராளி டிரா கேட்டதற்கு அது அடையாளம் என்றார், மணி பன்னிரண்டு என்றும் குறித்திருந்தாய். அப்போதே ஒத்துக்கொண்டு எழுந்திருந்தால் குமுளி வழியாக ஐந்தரைக்கு வந்திருப்பாய். அன்று பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை அம்மா உயிரோடு இருந்தாள்.

நீ ஏன் எழவில்லை என்று எனக்குத் தெரியும். காலை எட்டு மணிக்குப் போன் செய்து, டிராவுக்கு ஒத்துக்கொள்ளாதே, ஜெயித்தால்தான் பட்டம் என்றது நான்தான். அப்போது அவள் என் பக்கத்தில் மூச்சு முட்டிக் கிடந்தாள். அம்மாவின் மய்யித்துக்குப் பக்கத்தில் வைத்து உன்னிடம் நான் சொன்னது பொய், சமீனா. ஆட்டத்தை முடிக்கும்படி அவள் சொல்லவே இல்லை. "சமீனாவ வரச் சொல்லுங்க, மொகத்தப் பாக்கணும்" என்றுதான் மூன்று தடவை சொன்னாள். நீ கிளம்பிவிட்டாய் என்று அவளிடமும் பொய் சொன்னேன். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னோடு பேசாமல் இரு, காயைத் தொடாமல் இருக்காதே. அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைக்கட்டும். அடுத்த மாதம் அம்மாவுக்கு வருஷ ஃபாத்திஹா ஓதுகிறோம், மறக்காமல் வா. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் சொல்லிவிடு, நான் தோட்டத்து ஷெட்டில் இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தா கலீல் ரஹ்மான்,
உத்தமபாளையம்.