ஹெனிங் சொல்லச் சொன்னது

லாங்கலண்ட்,
12 மே 1985

அன்பு மகள் விபெக்கேவுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால்கூட இந்த வசந்தத்தில் அவ்வளவாகப் படுத்தவில்லை. நியூசிலாந்தில் குளிர் தொடங்கியிருக்கும், நீ தொண்டைக் கட்டு எதுவும் இல்லாமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் பிப்ரவரிக் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. நாலு தடவை எழுத உட்கார்ந்து, நாலு தடவையும் மழையையும் காற்றையும் பற்றி எழுதிவிட்டுக் கிழித்துப்போட்டேன். ஹெனிங் அனுப்பிய முதல் இரண்டு கடிதங்களையும் கோபத்தில் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாய் என்றும், மூன்றாவது வந்தால் பிரிக்கலாம் என்று காத்திருந்தாய் என்றும், அது வரவே இல்லை என்றும் எழுதியிருந்தாய். அதனால் அந்த ஆஸ்பத்திரியிலேயே இன்னும் மூன்று வருடம் வேலை செய்ய ஜூலையில் கையெழுத்துப் போடப்போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். "கட்டின புருஷன் ஒரு வார்த்தை கேக்கலையேம்மா" என்று ஒரு வரி. அவன் கேட்டான், விபெக்கே. என்னிடம் சொல்லியனுப்பினான். நான்தான் உன்னிடம் சொல்லவில்லை.

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் பிப்ரவரியில் நீ தனியாக நியூசிலாந்து போனாய். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவன் உன் துணிப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தான். பிளம் மரத்தடியில் படகு கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்து "அத்தை, இது இன்னும் மிதக்குமா" என்று கேட்டான். உன் அப்பா போனதிலிருந்து மூன்று வருடமாக அது அப்படியேதான் கிடந்தது. உனக்குத் தெரியும், தட்டைமீனுக்குப் போக அந்தப் படகில் இரண்டு பேர் வேண்டும். படகு நீரோட்டத்துக்குக் குறுக்கே மெதுவாக நழுவிக்கொண்டே போகும்படி ஒருவர் துடுப்பைப் பிடித்திருக்க வேண்டும், இன்னொருவர் தூண்டில்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுபத்தாறு வயதில் நான் தனியாகப் போக முடியாது. இதை அவனிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை தாரும் தூரிகையும் கொண்டு வந்துவிட்டான். மே மாதம் நாங்கள் தண்ணீரில் இருந்தோம்.

முதலில் அவன் கைக்கு ஒன்றும் படியவில்லை. தூண்டில் நுனி துடித்தால் போதும், வெடுக்கென்று இழுத்துவிடுவான். இந்த மீனுக்கு வாய் சின்னது, கோணல் வேறு. மணலோடு மணலாகப் படுத்துக்கொண்டு புழுவை வால் பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கும். அப்போது இழுத்தால் பாதிப் புழுதான் திரும்பி வரும். தூண்டில் நரம்பைத் தளர்த்திவிட்டு இருபது எண்ணு, அப்புறம் மெல்லத் தூக்கு என்றேன். அவனோ அஞ்சு எண்ணுவதற்குள் தூக்கிவிடுவான். "என்ன மாப்பிள்ளை, மீனுக்குப் பல்லு புடுங்குறியா" என்று கேட்டேன். "எண்ணச் சொன்னீங்க அத்தை, எந்த வேகத்துலன்னு சொல்லலையே" என்றான், முகத்தில் சிரிப்பே இல்லாமல். கணக்கு வாத்தியாருக்கு வாய் மட்டும் குறைவில்லை. சிவப்பு மணியும் மஞ்சள் மணியும் முள்ளுக்கு மேலே கோத்திருந்தால் மீன் கிட்டே வந்து பார்க்கும் என்று எதிலோ படித்துவிட்டு, உன் பழைய பாசிமாலையை அறுத்துக் கோத்தான். தடுக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் அந்த மணிகளுக்கு நன்றாகவே கடித்தது. ஜூன் முடிவதற்குள் என்னைவிட அவன்தான் அதிகம் பிடித்தான். கரைக்கு வந்து இரண்டு பேர் மீனையும் அவனே சுத்தம் செய்வான். நான் வெண்ணெயில் பொரித்து, உருளைக்கிழங்கும் பார்ஸ்லிக் கீரை போட்ட குழம்பும் வைப்பேன். சனிக்கிழமை என்று ஒரு நாள் திரும்பவும் எனக்கு வந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, ஆனால் இது தெரியாமல் மற்றது உனக்குப் புரியாது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை. மீன் கொழுத்திருக்கும் காலம். கலங்கரை விளக்குக்கு நேரே பத்து மீட்டர் ஆழத்தில் படகு நழுவிக்கொண்டிருந்தது. தூண்டிலில் கட்டிய ஈயக் குண்டு அடிமணலில் இழுபட்டுக் கிளப்புகிற கலங்கலைப் பார்த்துத்தான் இந்த மீன்கள் வரும், அன்று நீரோட்டமும் அதற்குத் தகுந்த மாதிரி இருந்தது. வாளியில் ஏற்கெனவே ஐந்து. ஹெனிங் தன் தூண்டிலைப் பலகைமேல் வைத்துவிட்டு, "அத்தை, நான் செஞ்சது தப்பு. அவ கூப்பிட்டப்பவே கூடப் போயிருக்கணும். என் கடுதாசியை அவ பிரிக்கிறதில்ல, உங்களோடதைப் பிரிப்பா. ஒரு வரி எழுதுங்க. வான்னு சொன்னா வேலையை விட்டுட்டு வந்துடுவேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் பதில் இல்லைன்னா புரிஞ்சுக்கறேன்" என்றான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே என் தூண்டில் நுனி துடித்தது. நான் "பொறு" என்றேன். அவன் தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தான், நான் இருபது எண்ணிக்கொண்டிருந்தேன். தூக்கினால், அந்த வருடத்திலேயே பெரிய மீன், முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகள் பளிச்சென்று. அவனே கைவலையை அடியில் விட்டு அள்ளிப் போட்டான். போட்டுவிட்டு, "எழுதுவீங்களா அத்தை" என்று திரும்பவும் கேட்டான். எழுதுகிறேன் என்றேன்.

அன்று சாயங்காலமே எழுதினேன். அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்துப் பார். பிளம் ஜாம், உன் மழைக்கோட்டு, அப்புறம் "ஹெனிங்" என்று தொடங்கி "படகுக்கு நன்றாகப் பெயின்ட் அடித்திருக்கிறான்" என்று முடித்திருப்பேன். பேனா அந்தப் பேரில் நின்ற நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீ வா என்று சொன்னால் ஒரு மாதத்தில் அவன் போய்விடுவான், படகு மறுபடியும் பிளம் மரத்தடிக்குப் போய்விடும். அவ்வளவுதான் காரணம். உன்மேல் கோபமும் இல்லை, அவன்மேல் சந்தேகமும் இல்லை. இந்தப் பருவம் முடியட்டும், அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்டோபரில் அவன் கேட்டபோது தபால் போய்வர நாளாகும் என்றேன். நவம்பரில் கேட்டபோது "அவ ஒண்ணும் எழுதலையேப்பா" என்றேன். அது பொய்கூட இல்லை, அதுதான் அதில் மோசம். துறைமுகத்து ஸ்வென் ஒருநாள் எங்கள் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "மருமகனைக் கட்டிப்போட்டு வெச்சிருக்கியே ஆஸ்டாக்கா, உன் பொண்ணு திருப்பிக் கேக்கலையா" என்றான். ஹெனிங் சிரித்தான். எனக்கு முகம் சுட்டது, காற்று குளிராக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். கிறிஸ்துமஸ் கழிந்த இரண்டாம் நாள் வந்து படகைக் கரையேற்றிக் கொடுத்தான். "அவ முடிவு பண்ணிட்டா அத்தை, பரவாயில்ல" என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். காபி வேணுமா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. உன் கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுதத்தான் நாலு தடவை உட்கார்ந்தேன். அவன் வீட்டை விற்றுவிட்டான், தூரத்தில் திஸ்டெட் ஊரில் பள்ளிக்கூட வேலை கிடைத்திருக்கிறது என்று ஏப்ரலில் ஸ்வென்தான் சொன்னான். மறுநாளே பஸ் ஏறி ரூத்கூபிங்கில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அவன் புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தான். மேசைமேல் விவாகரத்துத் தாள்கள் இருந்தன, கையெழுத்து இன்னும் ஆகவில்லை. நான் கோட்டைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் தூண்டிலைப் பாக்கலை அத்தை, உங்க முகத்தைத்தான் பாத்துட்டிருந்தேன். இன்னிக்காவது அவகிட்டேருந்து ஏதாவது வந்திருக்குமான்னு" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிடு என்றேன். "அதை இப்ப என்னால சொல்ல முடியாது" என்றான். உனக்கு நான் என்ன எழுதட்டும் என்று அவனிடம் கேட்டேன். "நடந்ததை எழுதுங்க. என்னை நல்லவனா காட்ட வேண்டாம், அவ கூப்பிட்டப்ப நானும் வீம்பாத்தான் இருந்தேன். செப்டம்பர்ல இருந்த ஆள் இப்ப நான் இல்ல. வருவேன்னும் சொல்ல முடியல, வரமாட்டேன்னும் சொல்ல முடியல. அவ எழுதினா படிப்பேன்" என்றான். புது விலாசத்தைத் தன் கையாலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தான். பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான், ஆனால் பஸ் வரும்வரை நிற்கவில்லை.

அந்தத் துண்டுத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அதைக் கிழித்துவிடாதே. எனக்குப் பதில் போட அவசரமில்லை, முதலில் அவனுக்கு எழுது. வேண்டாம் என்று சொல்வதானாலும் அவனிடமே சொல். நல்லதோ கெட்டதோ, இனி உங்கள் இரண்டு பேர் பேச்சும் என் வழியாகப் போக வேண்டாம், நான் அதற்குத் தகுதியானவள் இல்லை. ஜூலைக்கு முன்னால் இது உன் கைக்கு வந்துசேர வேண்டும் என்று விமானத் தபாலில் அனுப்புகிறேன்.

அங்கே இரவு வேலை முடிந்து வரும்போது கழுத்தை மூடிக்கொண்டு வா, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீ எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், யாரும் வேண்டாம் என்று இருந்தாலும் நன்றாக இரு. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். கையெழுத்துப் போடுமுன் அவனுக்கு ஒரு வரியாவது எழுதிவிடு.

உனக்குத் தீங்கு செய்த, உன்மேல் பிரியம் குறையாத
அம்மா,
ஆஸ்டா