ஆறிப்போன கபாபுக்குப் போட்ட மார்க்

நேற்று சாயங்காலம் நம் மகள் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். தென்காசி ரோட்டில் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்களாம். கண்ணாடிப் பெட்டிக்குள் கோழி கம்பியில் மாட்டிக்கொண்டு தானாகவே சுற்றுமாம். வெள்ளித் தாளைப் பிரித்ததும் சுட்ட மசாலா வாசம் அடுக்களை முழுக்க நிறைந்தது. "அம்மா, அப்பா கொண்டாந்தா மார்க்குப் போடுவேல்ல, அதே மாதிரி போடு. ராஜபாளையத்துலயே இதுதான் பெஸ்ட்டுன்னு எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்லுதாவ" என்றாள்.

நான் மார்க் போடவில்லை. ஒரு துண்டைத் தின்றுவிட்டுக் கை கழுவ எழுந்து போய்விட்டேன். உங்களை நினைத்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் அவள். நான் அழவில்லை. எனக்குக் கோபம். உங்கள் மேல் கோபம், அதைவிட என் மேல் கோபம். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்ததிலிருந்து இந்தக் கோபத்தோடுதான் பள்ளிக்கூடம் போகிறேன், சோறு வடிக்கிறேன். செத்து இரண்டு வருஷமான மனுஷரோடு சண்டை போட வேண்டுமென்றால் எழுதித்தான் போட வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு அந்தப் பைத்தியம் பட்டாளத்தில் பிடித்தது. கல்யாணமாகி, சோழபுரம் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராகச் சேர்ந்த புதிதில் வடக்கே எங்கிருந்தோ இன்லண்ட் லெட்டர் போடுவீர்கள். புதுப் பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்தில் பாதிக்கு மேல் கபாப். கொத்துக்கறியை மசாலாவோடு பிசைந்து, கம்பியில் பிடித்துவைத்து, கரி அடுப்பின் மேல் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள் என்று படம் வரைந்து அனுப்பினீர்கள். "கம்பியில இருந்து கைக்கு, கையில இருந்து வாய்க்கு. நடுவுல தட்டுகூட வரக்கூடாது" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து எனக்கு வாய் ஊறியது. என்னைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று எரிச்சலாகவும் இருந்தது.

எண்பத்திரண்டில் பட்டாளத்தை விட்டு வந்து மில்லில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தீர்கள். சேர்ந்த மாதமே சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பிவிட்டீர்கள். நம் ஊரில் புரோட்டாவுக்குக் குறைவில்லை, சால்னாவுக்குக் குறைவில்லை. கரியில் சுட்ட கபாப்தான் கிடைக்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் ஒரு சட்டி எண்ணெயைக் காட்டினார்கள். "உருண்டையப் பொரிச்சு வச்சுக்கிட்டு கபாப்புங்கான். இவன வடக்க கொண்டு போயி விடணும்" என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவீர்கள்.

இரண்டு மூன்று வருஷம் அலைந்து கடைசியில் மூன்று கடைகளைப் பிடித்தீர்கள். ஒன்று, நம் வீட்டுக்குப் பின்தெருவில் மாடசாமி சாயங்காலம் போடும் தள்ளுவண்டி. இரண்டாவது, செட்டியார்பட்டியில் சாராயக்கடையை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை. மூன்றாவது, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாய், சைக்கிள் கம்பியில் கறியைப் பிடித்துச் சுடுகிறவர். மூன்றில் எது முதல் என்று உங்களுக்கு முடிவு செய்ய முடியவில்லை. அல்லது முடிவு செய்துவிட்டு என் வாயால் கேட்க ஆசைப்பட்டீர்கள். "டீச்சரம்மா மார்க்குப் போடட்டும். பத்துக்கு எத்தனன்னு சொல்லு" என்று பொட்டலத்தை என் முன்னால் வைத்தீர்கள்.

அப்படி ஆரம்பித்தது. வாரம் ஒரு நாள், சம்பள வாரமென்றால் இரண்டு நாள். நான் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மெல்லுவேன். நீங்கள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து என் தாடையையே பார்ப்பீர்கள். மாடசாமிக்கு எட்டு. செட்டியார்பட்டிக்கு ஆறு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நாலு, மிஞ்சிப் போனால் ஐந்து. "நாலா? ஏட்டி, நல்லா மென்னு பாத்தியா?" என்று உங்கள் முகம் சுருங்கும். "கறி விறைச்சிருக்கு, கொழுப்பு வாயில ஒட்டுது. நாலே ஜாஸ்தி" என்பேன்.

தூரம், வேகம், நேரம் கணக்கை நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். மாடசாமி வண்டியிலிருந்து நம் வீடு ஐந்து நிமிஷம். செட்டியார்பட்டியிலிருந்து அரை மணி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து, இறங்கி, சைக்கிளை எடுத்து மிதித்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல். நான் கடைக்கு மார்க் போடவில்லை, தூரத்துக்குப் போட்டிருக்கிறேன். இது எனக்கும் உறைக்கவில்லை, நடுவில் தட்டுகூட வரக்கூடாது என்று எழுதிய உங்களுக்கும் உறைக்கவில்லை. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று மற்ற எல்லாவற்றுக்கும் பழமொழி சொல்லுவீர்களே, இதற்கு ஏன் தோன்றவில்லை?

இல்லை, எனக்குக் கொஞ்சம் உறைத்திருக்கிறது. அதனால்தான் கேட்டேன். "என்னைய ஒரு நாளு அங்கயே கூட்டிட்டுப் போங்களேன். அடுப்புல இருந்து எடுக்கும்போதே தின்னு பாக்கேன்" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! "பொம்பளையாளு நின்னு திங்கிற எடமாட்டி அது? டீச்சரு ரோட்டுல நின்னு கறி திங்கிறத பிள்ளைகளப் பெத்தவன் எவனாவது பாத்தா நாளைக்கு க்ளாஸ்ல எப்படி நிப்ப?" என்பீர்கள். செட்டியார்பட்டிக்கு அது நியாயம், பக்கத்திலேயே சாராயக்கடை. மாடசாமி வண்டி தெருவுக்குள்ளேயே இருக்கிறது, அங்கே நிற்க எனக்கே கூச்சம். ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னை யாருக்குத் தெரியும்? அதற்கும் உங்களிடம் பதில் இருந்தது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனதெல்லாம் ஆண்டாள் கோவிலுக்குத்தான். ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்கப் போனோம், மார்கழியில் போனோம், மகள் பாஸானபோது போனோம். கோவிலுக்குப் போன நாளில் யாராவது கறி தின்பார்களா? நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டுமென்றால் கோவில் வேண்டும், கோவில் என்றால் கபாப் கிடையாது. இப்படி ஒரு பூட்டு.

அந்தப் பூட்டு ஒரு நாள் திறக்கிற மாதிரி இருந்தது. எண்பத்தொன்பதில் எனக்குக் கண் மங்க ஆரம்பித்ததும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் காட்டலாம் என்று நீங்களே சொன்னீர்கள். அன்றைக்குக் கோவில் இல்லை, விரதம் இல்லை, நல்ல புதன்கிழமை. நான் மத்தியானம் அரை வயிறுதான் சாப்பிட்டேன். இன்றைக்காவது கபாப் கிடைக்கும் என்று வயிற்றில் இடம் விட்டுவைத்தேன். டாக்டர் கண்ணில் மருந்தை விட்டுவிட்டார். உலகமே பாலுக்குள் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து சொன்னீர்கள்: "இம்புட்டுத் தூரம் வந்துட்டுத் தாயாரப் பாக்காமப் போனா நல்லா இருக்குமா? செத்த நேரம்தான், வா."

தாயாரை நான் பார்க்கவே இல்லை. மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்தது, கும்பிட்டேன். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கமாகக் கூட்டி வந்தீர்கள். எனக்குக் கண் தெரியவில்லையே தவிர மூக்கு நன்றாகத் தெரிந்தது. கரிப்புகையும் சுடுகிற கொழுப்பும் சேர்ந்த வாசம். பத்தடி தூரத்தில் இருந்திருக்கும். நின்றேன். "கோவிலுக்குப் போயிட்டு வந்து இதென்ன புத்தி? நாளைக்கு நானே வாங்கியாரேன்" என்று கையை இழுத்தீர்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சரியாகத்தான் இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வழிந்தது. கண்ணில் மருந்து எரிகிறது போல என்று நீங்கள் வேட்டி நுனியால் துடைத்துவிட்டீர்கள்.

சொன்ன மாதிரியே மறுநாள் ஷிஃப்ட் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வாங்கி வந்தீர்கள். பொட்டலம் சில்லிட்டுக் கிடந்தது. ஒரு வாய் தின்றேன். "மூணு" என்றேன்.

அது நாக்கு போட்ட மார்க் இல்லை, கோபம் போட்ட மார்க். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் மார்க்கில் கேட்டேன். 'அப்படியா? அப்போ நீயே வந்து தின்னு பாரு' என்று உங்கள் வாயிலிருந்து வந்துவிடும் என்று நினைத்தேன். உங்களுக்கு அது புரியவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் மூன்று நான்கு தடவை அதே கடையிலிருந்து கொண்டு வந்தீர்கள். ஒரு தடவை காரம் குறைவாக இருந்தது, ஒரு தடவை புதினா வாசம் தூக்கலாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் "இப்ப?" என்று கேட்பீர்கள். நான் மூன்றிலேயே நின்றேன்.

பிறகு நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பொட்டலம் கொண்டு வருவதை நிறுத்திவிட்டீர்கள். பஸ் ஏறி இறங்கச் சலித்துவிட்டது போல என்று நானும் விட்டுவிட்டேன். மாடசாமி கபாப்தான் நம் வீட்டுக் கபாப் ஆனது. நீங்கள் வாங்கி வருவீர்கள், நான் வெங்காயம் நறுக்குவேன், அடுக்களையில் எதிரெதிரே உட்கார்ந்து தின்போம். அந்தச் சாயங்காலங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதை ஒத்துக்கொள்கிறேன்.

போன வாரம் டீச்சர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று நாள் பயிற்சி முகாம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு விட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றால் அதே வாசம். தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். அறுபது வயசுக்கு ஒரு பாய் விசிறியால் கரியை விசிறிக்கொண்டிருந்தார். நாலைந்து ஆண்கள் நின்றார்கள். அதில் ஒருவர் சோழபுரத்துக்காரர், அவர் பையன் என் வகுப்பில்தான் இருக்கிறான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன். அவர் "வணக்கம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, நான் நிற்பதற்கு இடம் விட்டு நகர்ந்து, தன் கபாபைத் தின்னப் போய்விட்டார். அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு மேலாக நாம் பயந்த பயம் அவ்வளவுதான்.

பாய் கம்பியிலிருந்து உருவி என் கையில் இருந்த வாழையிலைத் துண்டில் வைத்தார். விரல் சுட்டது, நாக்கு சுட்டது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே கறி கரைந்து நெய்யாக ஓடியது. மாடசாமி இதன் பக்கத்தில் நிற்க முடியாது. நீங்கள் வடக்கிலிருந்து எழுதியது எல்லாம் உண்மை. மென்றுகொண்டே எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ஊரு ராஜபாளையமாம்மா?" என்றார் பாய்.

"ஆமா. பெரிய மீச வச்ச பட்டாளத்துக்காரர் ஒருத்தர் இங்க வருவாவளே, மில்லுல செக்யூரிட்டியா இருந்தாவ. நான் அவிய வீடுதான்."

பாய் விசிறியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு மார்க்கு டீச்சரா?"

நீங்கள் போய்விட்டதை அவருக்கு நான்தான் சொன்னேன். கண்ணை மூடி வாய்க்குள் என்னவோ ஓதினார். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒங்க மார்க்குக்காக நாங்க பட்ட பாடு கொஞ்சமில்லம்மா. மூணுன்னுட்டான்னு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நின்னாவ. மிளகக் கொறச்சுப் பாத்தேன், புதினாவக் கூட்டிப் பாத்தேன், பப்பாளிக்கா அரைச்சு ஊற வச்சுப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல. டீச்சரு தப்பா மார்க்குப் போட மாட்டா பாய், நம்ம கிட்டதான் கோளாறுன்னு அவிய ஒரே பேச்சு."

"பொறவு?"

"பொறவு ஒரு நாளு வந்து ஒண்ணும் வாங்காம நின்னாவ. நீங்களாவது ஒரு கம்பி தின்னுட்டுப் போங்க சார்னேன். வேண்டாம் பாய், அவளுக்குப் பிடிக்காதத நான் மட்டும் இங்க நின்னு தின்னா எறங்க மாட்டேங்குன்னு சொன்னாவ. அம்புட்டுத்தாம்மா. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரல."

பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எண்பத்தொன்பதிலிருந்து நீங்கள் போனது வரை ஆறு வருஷம். வடக்கே ருசி கண்டு, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் கண்டுபிடித்த ஒன்றை ஆறு வருஷம் வாயில் வைக்காமலே போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். நான் வீம்புக்குப் போட்ட மூன்று மார்க்குக்காக. நான் போட்ட மார்க்கில் தப்பு என்று எந்தப் பிள்ளை வந்து நின்றாலும் தாளை வாங்கிப் பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போடுகிறவள் நான். இந்த ஒரு மார்க்கைத் திருத்த எனக்கு வழி இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

பஸ் ஏறிப் பஸ் ஏறி வாங்கி வந்து, இந்த அநியாய மார்க்கையும் வாங்கிக்கொண்டு, பேசாமல் எழுந்து போய்க் கை கழுவினீர்களே. போடி, உனக்கு நாக்கே செத்துப்போச்சு என்று ஒரே ஒரு தரம் என்னோடு சண்டைக்கு வந்திருக்கக் கூடாதா?