பட்டாள எஞ்சின்

4 மார்ச் 1946
பக்கீர் முதலாளியின் பஸ் மறுபடியும் கராச்சுக்கு வந்தது. கிளச் தட்டு கருகிப்போயிற்று. தை மாதத்திலிருந்து இது மூன்றாவது. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பட்டாளத்து லொறி எஞ்சினைப் பூட்டியவன் நான்தான். பேசாலையிலிருந்து மன்னாருக்கு முன்பு ஒரு மணித்தியாலம். இப்போது அரை மணித்தியாலம். ஊரே மெச்சுகிறது. மனைவி பெற்றிசியாவுக்கு எட்டாம் மாதம். "உங்கட பஸ்ஸிலதான் ஆசுப்பத்திரிக்குப் போவன்" என்கிறாள்.

6 மார்ச், விபூதிப் புதன்
பட்டாளத்துக் கிளச்சையே பூட்டிவிட்டேன். இனி வழுக்காது, கருகாது. ட்றைவர் சனூன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "அண்ணை, கிளச்சால காலை எடுத்தவுடன பாயுது. பின்னால டிக்கெண்டு ஒரு சத்தமும் கேக்குது."
"உனக்கு மாட்டுவண்டில்தான்டா சரி" என்றேன். சிரித்துக்கொண்டு போனான்.

2 ஏப்ரல்
பெண் பிள்ளை. உயிரில்லை.

5 ஏப்ரல்
எழுதி வைக்கிறேன். வேறென்ன செய்வது.
பெற்றிசியாவுக்கு வலி கண்டு பஸ்ஸில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தோட்டவெளிக்குக் கிட்ட மணல் ரோட்டை மூடிக் கிடந்தது. பின்சில்லுப் புதைந்தது. எப்போதும் செய்வதுபோல் பனையோலையை அடியில் போட்டோம். சனூன் எஞ்சினை உறுமவிட்டுக் கிளச்சை விட்டான். சில்லுச் சும்மா சுழன்றது. பிறகு ஓலையைக் கவ்வியது. டமார்! பின் அச்சு முறிந்தது. வண்டில் கிடைக்க இரண்டு மணித்தியாலம். பெற்றிசியா என் கையை விடவேயில்லை.
"ஆசுப்பத்திரிக்கு வரப் பிந்திப்போச்சு" என்றார் டொக்டர்.
சனூன்தான் முரட்டுத்தனமாக ஓட்டி முறித்தான் என்று ஊர் சொல்கிறது. முதலாளி அவனை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.
அழுகை வரவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறேன்.

9 ஏப்ரல்
முறிந்த அச்சைக் கழற்றினேன். முறிந்த இடத்தில் பாதி பளபள, பாதி எண்ணெய் ஊறிக் கறுப்பு. ஆக, வெடிப்பு முன்பே இருந்திருக்கிறது. சனூன் கேட்ட சத்தம் அதுதான்.
பழைய எஞ்சின் மணலில் இருமிவிட்டு நின்றுவிடும். எவ்வளவு திட்டியிருப்போம்! அது நின்றதால்தான் பின்னால் ஒன்றும் முறியவில்லை. பட்டாள எஞ்சின் நிற்காது. அதன் முறுக்கும் விசை முதலாம் கியரில் பல மடங்காகிப் பின் அச்சுக்குப் போகும். பழைய கிளச் வழுக்கிக் கருகியபடி அதைத் தடுத்துக்கொண்டிருந்தது. வழுக்காத கிளச்சைப் பூட்டினேன். பிறகு தாங்குவதற்கு மிஞ்சியது அச்சு மட்டும். அதுவோ பழைய சின்ன எஞ்சினுக்கென்று செய்தது.
இது தெரியாதவனா நான்? தெரியும். யோசிக்கவில்லை. மெச்சினார்களே —

19 ஏப்ரல், பெரிய வெள்ளி
கோயிலால் வீடு திரும்பியபோது சனூன் படலை வாசலில் நின்றான். "மன்னிச்சிருங்கோ அண்ணை. நான்தான் கிளச்சைப் படக்கெண்டு விட்டிட்டன்."
"ம்" என்றேன். சீ, நானும் ஒரு மனிசனா?

22 ஏப்ரல்
அச்சுத் துண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு முதலாளியிடம் போனேன். "சத்தம் கேக்குதெண்டு சனூன் சொன்னவன். நான்தான் கேக்கேல்ல. பிழை என்ர." முதலாளி துண்டைப் புரட்டிப் பார்த்தார். "அவனை நாளைக்கு வரச்சொல்லும்" என்றார்.
வீட்டில் பெற்றிசியாவுக்கும் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே, "சனூனுக்குச் சொன்னீங்களோ?" என்றாள்.
"இன்னும் இல்லை."
"பிறகேன் இஞ்ச நிக்கிறீங்கள்? போங்கோ."
போனேன். சொன்னேன். சனூன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். "நான் இருவது நாளா நித்திரை கொள்ளேல்ல அண்ணை" என்றான்.

12 மே
பழைய எஞ்சினைத் திரும்பப் பூட்டிப் பத்து நாள். பெற்றிசியா இன்றுதான் பஸ் ஏறினாள், மன்னாரில் பிள்ளையை அடக்கிய இடத்துக்குப் போக. சனூன்தான் ஓட்டினான். அதே இடத்தில் மணலில் இறங்கியது. எஞ்சின் இருமியது. நின்றது.
"சனியன் பிடிச்ச எஞ்சின்!" என்று சனம் கத்தியது. சனூன் திரும்பி என்னைப் பார்த்தான்.
"நிண்டிட்டுது" என்றாள் பெற்றிசியா.
"ஓம்" என்றேன்.
எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் பஸ்ஸின் பின் தகரத்தில் முகத்தை வைத்து அழுதேன். தள்ளுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.