அடித்தோலில் ஒரு பள்ளம்

பேரணாம்பட்டு,
பௌர்ணமிக்கு மறுநாள்.

அன்புத் தம்பி வசந்துக்கு,

அக்கா பூர்ணிமா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடலளவில் சுகம். உனக்குக் காய்ச்சல் விட்டதா? வேலூர் ஜெயிலில் கொசு ஜாஸ்தி என்று மனு போட்டுக் கைதிகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். இந்தக் கடிதத்தை வக்கீல் வக்கார் அகமது தன் கையாலேயே உன்னிடம் தருவார். அதனால் மனம்விட்டு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

ஜாமீன் மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது. வக்கீல் நம்பிக்கையாகத்தான் பேசுகிறார். நவீன்குமாரின் முழங்காலில் இரும்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நீ பைப்பால் அடித்த அந்தக் கால் இனி மடங்காதாம். அவன் அண்ணன் என் புருஷனை, உன் மாமாவை வெட்டியபோது நவீன்குமார் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான், வசந்த். உன் கைக்குக் கிடைத்தவன் அவன், அவ்வளவுதான்.

மாமாவைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. முகமூடி இல்லாமல் ஆட்களைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்காதே என்று சொன்னதற்காக, தோல் பதனிடும் டேனரியின் பின் கேட்டில், மேஸ்திரியாக இருந்த அந்த அண்ணன்காரன், சதை சீவும் கத்தியால் அவர் கழுத்தில் வெட்டினான். நான் போய்ச் சேர்ந்தபோது தோல் ஊறிய நீலத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தம் அதில் கலந்து கறுத்துப்போயிருந்தது. முந்தானையைச் சுருட்டி அவர் கழுத்தை அழுத்திப் பிடித்தேன். விரல்களுக்கு நடுவே சூடாக வந்துகொண்டே இருந்தது. அந்தச் சூடு என் கையை விட்டுப் போகவில்லை. சோறு பிசையும்போதும் வந்துவிடுகிறது.

அதனால்தான் நீ உன் தோஸ்த்திடம் சொல்லியனுப்பியபோது நான் மறுக்கவில்லை. "அவன் என் பிளாக்குக்கே வந்துட்டான், அக்காவ மாமா செருப்ப அடித்தோல் தடிமனா வெச்சுத் தெச்சு அனுப்பச் சொல்லு, மத்தது அதுக்கே தெரியும்" என்றாயாமே. தெரிந்தது. டிகிரி முடித்துவிட்டு ஆம்பூர் ஷூ கம்பெனியில் சாம்பிள் தைத்தே நரைத்தவளுக்கு இரண்டு அடித்தோலுக்கு நடுவே ஒன்றை மறைப்பது பெரிய வேலையா? மாமாவுடைய தோல் சீவும் கத்தியையே எடுத்தேன். பிடியைக் கழற்றினேன். குதிகால் பக்கம் அதன் அளவுக்குத் தோலைக் குடைந்து, உள்ளே படுக்கவைத்து, சொல்யூஷன் தடவி ஒட்டித் தைத்தேன். தைக்கும்போது அவன் தொண்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசி ஒருமுறைகூட வழுக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

நேற்றுப் பௌர்ணமி. நம் புத்த விகாரில் வழக்கம்போல வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து ஒரே அண்டாவில் போட்டோம். எப்போதும் மாமாதான் கஞ்சி காய்ச்சுவார். இந்த முறை அகப்பையை என்னிடம் கொடுத்தார்கள். பஞ்சசீலம் சொல்லும்போது, எந்த உயிரையும் கொல்லமாட்டேன் என்கிற இடத்தில் நான் உதட்டை மட்டும் அசைத்தேன்.

கஞ்சி கொதிக்கிற நேரத்தில் வள்ளியம்மாள் பெரியம்மா வந்தாள். அவனையும் நவீன்குமாரையும் பெற்றவள். யாரையும் பார்க்காமல் மடியிலிருந்த அரிசியை அண்டாவில் கொட்டிவிட்டாள். எதிர்வீட்டு சங்கீதா பாய்ந்தாள். "கொலகாரன் வூட்டு அரிசி இங்க இன்னாத்துக்கு? எத்துக்கினு போ!" என்று மயிரைப் பிடித்து இழுத்துத் தரையில் மோதினாள். பெரியம்மாவின் உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம். "கொதிக்கிறதுல வுழுந்துட்சேம்மா, எப்டி எத்துக்கினு போவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைத்திருந்தால் அங்கேயே அடித்துக் கொன்றிருப்பார்கள். நான் அண்டாவைப் பார்த்தேன். எது யார் வீட்டு அரிசி என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. எல்லாம் பறிபோனவள் என்றுதான் இத்தனை நாளும் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன், வசந்த். ஆனால் என் கையில் அகப்பை நிறையக் கஞ்சி இருந்தது. என் வயிற்றுக்கு வேண்டியதைவிட அதிகம். எதிரே ஒருத்தி பசியோடு உட்கார்ந்திருந்தாள். முதல் கிண்ணத்தை அவளுக்கு ஊற்றினேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. கொடுக்க என்னிடம் இருந்தது, கொடுத்தேன். பிறகு நானும் அதே கஞ்சியைக் குடித்தேன். கை சூடாக இருந்தது. அது கஞ்சியின் சூடு.

வீட்டுக்கு வந்ததும், உனக்கு அனுப்பக் கட்டிவைத்திருந்த செருப்பின் தையலைப் பிரித்தேன். கத்தி வழுக்கி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். கத்திக்கு மறுபடி பிடி போட்டு மாமாவின் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். இனி அது தோலை மட்டும் சீவட்டும்.

செருப்பைத் திரும்பத் தைத்து அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள். குதிகாலில் ஒரு பள்ளம் தட்டுப்படும். துண்டுத் தோல் வைத்து அடைத்திருக்கலாம்; அடைக்கவில்லை. நடக்கும்போதெல்லாம் அக்கா எதை அனுப்பவில்லை என்று உன் காலுக்குத் தெரிய வேண்டும். அதில் வேறு எதையும் வைத்து நிரப்பிவிடாதே, கண்ணா. அவன் இருக்கும் பக்கம் போகாதே. அடுத்த பௌர்ணமிக்கு உன் பங்காகவும் ஒரு பிடி அரிசி போடுவேன்.

நீ நன்றாக இரு. உன் பிளாக்கில் இருக்கும் அவனும்... பெயரை எழுதக் கை வரவில்லை. அவனும் உயிரோடு இருக்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அக்கா பூர்ணிமா