மஸாஹிரா ஆமீன் சொல்லவில்லை

அக்குறணை
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் இப்திகாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய கிருபையால் நாங்கள் இங்கே சுகம், நீ போகும் தண்ணீரும் அடிக்கும் காற்றும் உன்னிடம் இரக்கமாக நடக்க வேண்டுமென்பதே எங்கள் துஆ. ஃபோனில் பேசினால் எனக்குப் பாதி சொல்ல விட்டுப் போகிறது, அதனால் எழுதுகிறேன், தங்கச்சி ஸனா படமெடுத்து அனுப்புவாள். அவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. மழை தொடங்கியதும் வாப்பாவின் முழங்கால் வலியும் வந்துவிட்டது, ஆனாலும் கடைக்குப் போகாமல் இருக்க மாட்டார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கடல் கொள்ளைக்காரர் பயத்தால் இனிக் கப்பலில் துவக்கு வைக்கப் போகிறார்கள், காவலுக்கென்று ஆட்களை எடுப்பதா உங்களுக்கே சுடப் பழக்கித் தருவதா என்று கெப்டன் யோசிக்கிறார், பழக விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டும், உம்மா சம்மதித்தால்தான் கொடுப்பேன் என்றாய். வாப்பாவுக்கு இதில் இரண்டு பேச்சில்லை. இந்தச் சின்னக் கடைக்கே ரெண்டு பூட்டுப் போடுறன், அவ்வளவு பெரிய கப்பல வெறுங்கையோட அனுப்புறதா, பேரக் குடுக்கச் சொல்லு என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். என் மனதும் அந்தப் பக்கம்தான் இருந்தது. உன்னோடு படித்த பவாஸ் கொள்ளைக்காரரிடம் பிடிபட்டிருந்த மாதங்களில், அவனுடைய உம்மா சோற்றில் கையை வைத்தபடி உண்ணாமல் இருந்ததைப் பார்த்தவள் நான்.

போன வாரம் வியாழன் உன்னை நினைத்து வீட்டில் யாஸீன் ஓதினோம். கடைசியில் நான், யா அல்லாஹ், என் மகனுடைய கப்பலை நோக்கி வருகிற படகையெல்லாம் அழித்துவிடு என்று வாய்விட்டுக் கேட்டேன். வந்த பெண்களெல்லாம் ஆமீன் சொன்னார்கள், மஸாஹிரா மட்டும் சொல்லவில்லை. கடலோரப் பேருவளையிலிருந்து நம் பின்வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாளே, அவள்தான். தேத்தண்ணி கொடுக்கும்போது, ஏன்டி, என்ட மகனுக்கு ஒரு ஆமீனுக்கும் பஞ்சமா என்று குத்திக் கேட்டேன். ராத்தா கோவிக்காதீங்க, என்ட தம்பி நிஸாமும் கப்பலக் கண்டா அதுக்கு நேராத்தான் படக ஓட்டுவான் என்றாள். ஆழ்கடலில் வலை வெகுதூரம் விரிந்து கிடக்குமாம், கப்பல் அதன் மேல் போனால் அறுத்துக்கொண்டு போய்விடுமாம், அதனால் படகுக்காரர் எதிரே ஓடிவந்து, உடுத்த சாரனைக் கழற்றி ஆட்டி விலகச் சொல்வார்களாம். மேல நிக்கிறவங்களுக்கு அவனும் கள்ளனாத்தானே தெரிவான் என்றாள். மலையிலேயே பிறந்து வளர்ந்த நான், எந்தப் பிள்ளையை அழிக்கச் சொல்லிக் கேட்டேன் என்று தெரியாமலே கேட்டிருக்கிறேன்.

மகன், துவக்கே வேண்டாமென்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. உயிரைக் காப்பது நமக்கு மார்க்கம் தந்த உரிமை, ஏணி போட்டு ஆயுதத்தோடு ஏறுகிறவனுக்கு முன்னால் நீங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் அது பழகின காவலாளிகள் கையில் இருக்கட்டும், நீ பெயர் கொடுக்காதே. வீட்டுக் கணக்கில் விளங்காத செலவை 'வேறு' என்று எழுதிக் கூட்டிவிடுகிறேன், ஒரு உயிரை அப்படி எழுத முடியாது. நீ தூரக்கண்ணாடியோடு அவர்கள் பக்கத்தில் நில்லு. வலை மிதவையில் கொடி தெரிகிறதா, சாரன் ஆடுகிறதா என்று பார், முதலில் ஹோர்ன் அடி, கப்பலைத் திருப்பச் சொல்லு. கோழை என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். வாப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்றும் ஓதினோம். இந்த முறை, யா அல்லாஹ், கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் கடலை அகலமாக்கு, இரண்டையும் கரை சேர்த்து வை என்று கேட்டேன். மஸாஹிராவின் ஆமீன்தான் முதலில் கேட்டது.

ஈரத்தலையோடு காற்றில் நிற்காதே, தொழுகையை விட்டுவிடாதே, கெப்டனிடம் சொன்னதும் எனக்கு ஒரு சொல் அனுப்பு. உன் கையையும் கண்ணையும் ரஹ்மான் காப்பானாக.

உன்னை அவனிடம் ஒப்படைத்திருக்கும்
உம்மா,
உம்மு குல்சும்