புது பிரேக்குக்குத் தேங்கா எண்ணெ

அருளு, நீ தண்ணி புடிச்சிட்டு வர்றதுக்குள்ள நான் உப்பளத்துக்குக் கிளம்புறேன். குழம்பு அடுப்பு மேல இருக்குது. வீட்டுச் சாவி ஜன்னல்ல. நீ ஓட்டக் கத்துக்கிட்டு ஒரு மாசங்கூட ஆகல, அதுக்குள்ள கியர் சைக்கிளுக்கு எதுக்குப் புது பிரேக்குன்னு நேத்து கத்திட்டேன். மனசுல வச்சிக்காத. நீ மாட்டுன பிரேக்கு உப்புக்காத்துல துரு புடிக்கக் கூடாதுன்னு, மம்பட்டிக்குத் தடவுற மாதிரி சைக்கிள் முழுக்கத் தேங்கா எண்ணெ தடவியிருக்கேன்.

எழுதிய துண்டுச்சீட்டை டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போன ஜெயசீலன், தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் எண்ணெய் தடவியதைப் பெருமையாகச் சொன்னான்.

"ஏம்பா, ரிம்முலயுமா தடவின? பிரேக்கே புடிக்காதே! எண்ணெ குடிச்ச கட்டைய மாத்தணும்!"

அவன் மனைவி அருளு தினமும் ஈ.சி.ஆர் சாலையில் பஸ்களுக்கு நடுவே சைக்கிளில் போகிறவள். வீட்டுக்கு ஓடினான். நல்லவேளை, சைக்கிள் வாசலிலேயே நின்றது. துண்டுச்சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்:

சைக்கிளத் தேடாத, கடைக்குத் தள்ளிட்டுப் போறேன். ரிம்முல எண்ணெ பட்டா பிரேக் புடிக்காதாம். துடைச்சிப் பாத்தேன், பயமாவே இருக்குது. இன்னிக்கு பஸ்ல போ.

எண்ணெ குடிச்ச பிரேக் கட்டைய மாத்தணுமாம். நானே வாங்கிட்டு வர்றேன். எதுக்குப் புது பிரேக்குன்னு இந்தத் தடவ நீ கத்து.