கரடி வாங்கிய சுங்கம்

நவம்பர் 4

அக்கா பெற்ற புயலே, என் மருமகளே,

இதில் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று என் மீசைமேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். நீயும் நம்பாதே.

மலை ஓட்டத்தில் உன் மாமாவின் பதவி உனக்குத் தெரியும். ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் பின்னால் நடந்து, வழிகாட்டும் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு வரும் கடைசி ஆள். கடைசி இடத்தின் சக்கரவர்த்தி! கீழே வந்து பார்த்தால், ஒரு கொடியை மேலேயே விட்டுவிட்ட நினைப்பு. திரும்ப ஏறினேன். மூடுபனி இறங்கியது பார், என் மூக்கை நானே தடவித்தான் கண்டுபிடித்தேன். வழி பார்க்கக் கொடி? அத்தனையும் என் பையில்! போதாததற்கு, மலைக்கும் கால் மரத்துவிட்டது போல. எழுந்து நாலடி தள்ளி உட்கார்ந்துகொண்டது.

உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "இங்கதான் இருக்கேன் மாமா" என்று பதில் சொன்னாய். குரல் வந்த பக்கம் போனால், போர்வை போர்த்திய ஒரு கரடி! "சுங்கம் கட்டிட்டுப் போய்யா" என்றது. இடது காலில் இரண்டு விரலைக் கழற்றிக் கொடுத்தேன். ரசீது கேட்டேன், தரவில்லை.

வெள்ளைப் படுக்கையும் வேளாவேளைக்குச் சேவகமும் உள்ள அரண்மனையில் ஓய்வெடுக்கும்,
உன் மாமா

நவம்பர் 15

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்தேன். ஷூ வாங்க வந்தவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "உங்க மாமாவுக்கு வெரல் மொளச்சிருச்சா?" என்று முதலாளி தினமும் கேட்கிறார்.

எனக்குத்தான் சிரிப்பு முழுசாக வரவில்லை. நான் பாதியில் விட்டது தெரிந்திருக்கும். இரண்டாவது தண்ணீர்க் கூடாரத்துக்கு மேலே முட்டி போயிற்று. அழுதுகொண்டே குறுக்கே இறங்கி, ரோட்டில் வந்த பால் வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். யார் முகத்திலும் முழிக்கப் பிடிக்கவில்லை. நாலு வருஷம் எனக்கு ஓடச் சொல்லித் தந்த உங்கள் முகத்தில் கண்டிப்பாக இல்லை.

அதனால்தான் வீட்டுப் பக்கமே வராமல் இருக்கிறீர்களா? மார்ச் ஓட்டத்துக்கு நம் இரண்டு பேர் பேரையும் கொடுத்துவிட்டேன். வரவில்லை என்றால், என்னைத் தலைமுழுகிவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

உங்கள் மருமகள்

டிசம்பர் 2

புயலே,

உன்னைத் தலைமுழுகுவதா? எனக்குக் குளிக்கவே சோம்பல்.

வர முடியாததற்குக் காரணம் அரசியல். என் இடது ஷூ திடீரென்று பெரிதாகிவிட்டது. வலதுக்குப் பொறாமை. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதால் நேராகக் கிளம்பினாலும் வட்டமாகப் போகிறேன். நேற்று தபால் பெட்டிக்குப் போனவன் பூமியை ஒரு சுற்றுச் சுற்றித்தான் வீடு சேர்ந்தேன். நீ ஓடு. முட்டியைப் பார்த்துக்கொள்.

உன் மாமா

டிசம்பர் 20

மாமா,

மார்ச் ஓட்டத்துக்கு நம்பர் அட்டை வாங்கப் போயிருந்தேன். நேரம் குறிக்கிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போன தடவ நம்பரத் திருப்பிக் குடுக்காமப் போனது நீதானாம்மா? பாதியில விட்டா பக்கத்துக் கூடாரத்துல குடுத்துட்டுப் போகணும்னு தெரியாதா? எங்களப் பொறுத்தவரை நீ மலை மேலதான் இருந்த. ஒங்க மாமா யார் சொல்லியும் கேக்காம ஏறினாரு. விடிஞ்சப்புறம் தூக்கிட்டு வந்தோம். குளிர்ல வெறச்சுப்போன ரெண்டு கால்வெரல ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க" என்றார்.

அன்று ராத்திரி என் போன் செத்துக் கிடந்தது. காலையில் அவர் கூப்பிட்டபோது "வீட்லதான் இருக்கேன்" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னேனாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

அம்மா வாயையும் கட்டி வைத்திருக்கிறீர்கள். உங்கள் விரலைப் படித்துக் காட்டி ஊரையே சிரிக்க வைத்தேனே மாமா! இனி ஓட மாட்டேன். பேரை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு கடிதமாவது பொய் இல்லாமல் எழுதுங்கள்.

ஜனவரி 3

மருமகளே,

சிரித்ததற்கு அழாதே. சிரிக்கத்தான் எழுதினேன். நீ அழுதால் என் உழைப்பெல்லாம் வீண். விரலா? மீதி எட்டும் ராஜாக்கள் மாதிரி இருக்கின்றன.

பேரைத் திரும்பக் கொடு. நான் மலை ஏற மாட்டேன், காரணம் விரல் அல்ல. அடிவாரக் கூடாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். அங்கே உட்காரவே எனக்குத் தைரியம் வருமா என்று தெரியவில்லை. முடித்தாலும் வா, பாதியில் விட்டாலும் வா. நம்பர் அட்டையை என் கையில் வை. வைத்துவிட்டு, "இங்கதான் இருக்கேன் மாமா" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லு.

கரடி பொய். மலை நகர்ந்தது பொய். விரல் கதை உனக்கே தெரிந்துவிட்டது, அதை விடு. அந்தக் கடிதத்தில் இன்னும் ஒரு சின்னத் துண்டு நிஜம். நான் கூப்பிட்டதும் நீ பதில் சொன்னாய். எனக்குத் தெளிவாகக் கேட்டது. இன்னும் கேட்கிறது.

உன் மாமா